சங்கம் கற்றுத்தந்த மக்களாட்சி

நுழையும் முன்

வாக்களிப்பது மட்டும்தான் மக்களாட்சியா? வாக்களிக்கும் உரிமை இல்லாத காலத்தில் எளிய மக்கள் மக்களாட்சியை எங்கே பழகினர்? இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இப்பாடம்.

சங்கம் என்னும் சொல்

மாணவர்களே! சங்கம் என்னும் சொல் உங்களுக்குப் புதியதன்று. புலவர்கள் கூடித் தமிழாய்ந்த அவையைச் சங்கம் என்கிறோம். நீங்கள் வாழும் நகரில் தமிழ்ச் சங்கம் ஒன்று இருக்கக்கூடும். பொங்கல் விழாவிற்குப் பெற்றோருடன் அங்கே சென்றிருப்பீர்கள். அச்சங்கத்தில் உறுப்பினர்கள் சந்தா செலுத்துகின்றனர். தலைவரையும் செயலாளரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுக்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூடுகிறது. வரவு செலவுக் கணக்கு அங்கே படிக்கப்படுகிறது. கணக்கில் ஐயம் உடையவர் எழுந்து வினவலாம்.

இவை மிக எளிய செயல்களாகத் தோன்றும். ஆனால் நூறாண்டுகளுக்கு முன் நம் நாட்டின் ஆலைத் தொழிலாளர் இவற்றைச் செய்வதற்கே துணிவு வேண்டியிருந்தது. சங்கத்தில் சேர்ந்த குற்றத்திற்காக வேலையை இழந்தோர் உண்டு. நீதிமன்ற வழக்கைச் சந்தித்தோரும் உண்டு. அத்துணை இடர்களுக்கிடையே அவர்கள் வளர்த்த தொழிற்சங்கங்கள் கூலி உயர்வை மட்டும் பெற்றுத் தரவில்லை. மக்களாட்சியின் வழக்கங்களையும் கற்றுத்தந்தன.

ஆலை வாழ்க்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய், அகமதாபாத், சென்னை முதலிய நகரங்களில் பஞ்சாலைகள் பெருகின. வேளாண்மையில் வாழ வழியற்றோர் ஆலைகளை நாடி வந்தனர். 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் ஆண் தொழிலாளரின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணியாக வரையறுத்தது. பன்னிரண்டு மணி நேரம் என்பதே அன்று ஒரு சீர்திருத்தமாகக் கருதப்பட்டதெனில், அதற்கு முன்னைய நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்!

சிறு பிழைக்கும் கூலியில் தண்டம் பிடிக்கப்பட்டது. மேற்பார்வையாளரின் வசைச்சொல்லும் சில வேளைகளில் அடியும் தொழிலாளர்மேல் விழுந்தன. இவற்றைக் குறித்து முறையிட அவர்களுக்கு இடமில்லை. ஆலையின் விதிகளை நிருவாகம் வகுத்தது. நாட்டின் சட்டங்களை ஆங்கில அரசு வகுத்தது. சொத்தும் வரியும் உடைய மிகச் சிலர்க்கே அக்காலத்தில் வாக்குரிமை இருந்தது. ஆகவே, ஆலைக்குள்ளும் வெளியிலும் தொழிலாளி குரலற்றவராகவே வாழ்ந்தார்.

திரண்டெழுந்த குரல்கள்

அக்குரல் ஒரே நாளில் எழுந்துவிடவில்லை. 1884-ஆம் ஆண்டு பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேண்டும் என்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கை. ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் அக்கோரிக்கை மனுவுக்குத் துணைநின்றனர். 1890-ஆம் ஆண்டு பம்பாய் ஆலை உரிமையாளர்கள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர்.

1908-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணையாக நின்றனர். ஒன்பது நாள்களில் நிருவாகம் இறங்கி வந்தது, கூலி உயர்ந்தது. அதே ஆண்டு சூலைத் திங்களில் பாலகங்காதர திலகர்க்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள்கள் வேலைக்குச் செல்ல மறுத்தனர். தம் கூலிக்காக மட்டுமன்றி, நாட்டின் உரிமைக்காகவும் தொழிலாளர் எழுவர் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஆயினும் இவ்வெழுச்சிகளில் ஒரு குறை இருந்தது. போராட்டம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். உறுப்பினர் பட்டியலோ, நிதியோ, விதிகளோ, அடுத்த கூட்டத்திற்கான நாளோ இருப்பதில்லை. வெள்ளம் வந்து வடிந்துவிட்டால் வயலுக்குப் பயனில்லை. நீரைத் தேக்கி வைக்கும் ஏரி வேண்டும். தொழிலாளரின் ஒற்றுமைக்கு அத்தகைய ஏரியாக அமைந்தது தொழிற்சங்கம்.

பெரம்பூரில் பிறந்த சங்கம்

சென்னையின் வடபகுதியில் பெரம்பூர் வட்டாரத்தில் பக்கிங்காம் ஆலை, கர்நாட்டிக் ஆலை என்னும் இரு பெரும் நெசவாலைகள் இருந்தன. பின்னி என்னும் ஆங்கிலேய நிறுவனம் அவற்றை நடத்தியது. அப்பகுதியில் வணிகம் செய்துவந்த கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமாஞ்சுலு நாயுடுவும் தொழிலாளரின் துன்பங்களை நாள்தோறும் கண்டு வருந்தினர். அவர்கள் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் சமயச் சபைக்குத் தொழிலாளர் பலர் வருவது வழக்கம். பக்தி உரை கேட்க வந்தோர் தம் துயரங்களையும் அங்கே பகிர்ந்துகொண்டனர். இவ்வாறு சபையில் தொடங்கிய உறவு சங்கமாக வளர்ந்தது.

1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவரானார். அவர் பம்பாயிலிருந்து வந்த பார்சி இனத்தவர். அன்னி பெசண்டு அம்மையாருடன் தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்டு, 1917-ஆம் ஆண்டு அவருடன் காவலில் வைக்கப்பட்டவர். 'தமிழ்த்தென்றல்' திரு.வி. கலியாணசுந்தரனார் அச்சங்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். தமிழாசிரியர் பணியைத் துறந்து 'தேசபக்தன்' இதழின் ஆசிரியராகிய திரு.வி.க., தொழிலாளர் முன் செந்தமிழில் உரையாற்றினார். வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசினார். அவருடைய உரைகள் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டன. தம் தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் உங்களுக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும். மொழி வேறாயினும் துயரை உணரும் உள்ளம் இருந்தால் சங்கம் உருவாகும் என்பதற்கு இதுவே சான்று.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அகமதாபாத்திலும் ஒரு போராட்டம் நிகழ்ந்தது. அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் 35 விழுக்காட்டுக் கூலி உயர்வு கோரினர். காந்தியடிகளும் அனசூயா சாராபாயும் அவர்களுக்கு வழிகாட்டினர். அனசூயாவின் தம்பி அம்பாலால் சாராபாய் ஆலை உரிமையாளர்களின் தலைவராக எதிர்ப்பக்கத்தில் இருந்தார்! சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் தொழிலாளர் நாள்தோறும் கூடினர். இறுதியில் இரு தரப்பினரும் நடுவர் தீர்ப்பை ஏற்க இசைந்தனர். நடுவர் 35 விழுக்காட்டு உயர்வையே வழங்கினார். இப்போராட்டத்தின் பயனாக 1920-ஆம் ஆண்டு 'மஜூர் மகாஜன்' என்னும் நெசவுத் தொழிலாளர் சங்கம் அந்நகரில் அமைந்தது.

சங்கத்தில் பழகிய வழக்கங்கள்

தொழிற்சங்கம் தன் உறுப்பினருக்கு எவற்றைப் பழக்கியது என்பதை இனிக் காண்போம்.

முதலாவது, சமவாக்கு. சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொருவரும் உறுப்பினர். தேர்ந்த நெசவாளர்க்கும் ஆலையைத் துப்புரவு செய்பவர்க்கும் வாக்கு ஒன்றுதான். நாட்டின் சட்டமன்றத்திற்கு வாக்களிக்க இயலாத ஒருவர், தம் சங்கத்தின் நிருவாகியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இரண்டாவது, கணக்குக் கேட்டல். குறைந்த கூலியிலிருந்து தொழிலாளர் சந்தா செலுத்தினர். வியர்வை சிந்தி ஈட்டிய காசு எவ்வாறு செலவாயிற்று என்று அறிய அவர்கள் விரும்பியது இயல்பே. பொதுப்பணத்திற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு நடைமுறையாயிற்று.

மூன்றாவது, பேசுதலும் கேட்டலும். மேற்பார்வையாளர்முன் வாய்திறக்க அஞ்சியவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினார். தமக்கு உடன்பாடில்லாத கருத்தைப் பிறர் கூறும்போது பொறுமையுடன் கேட்கவும் பழகினார். தீர்மானம் நிறைவேறிய பின்னர், அதற்கு எதிராகப் பேசியவரும் அதனை மதித்து நடக்க வேண்டும். இப்பண்பு எளிதில் கைவருவதன்று.

நான்காவது, பேராளரைத் தேர்ந்தெடுத்தல். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நிருவாகத்திடம் பேச இயலாது. எனவே, தம் சார்பில் பேசுவோரை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். பேராளர் தம் கடமையில் தவறினால் அடுத்த தேர்தலில் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தனர். நாடாளுமன்ற உறுப்பினரை நாம் தேர்ந்தெடுப்பதும் இம்முறையிலேயே அல்லவா?

நீதிமன்றமும் சட்டமும்

1920-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை ஆலையில் பூசல் முற்றியது. நிருவாகம் கதவடைப்புச் செய்தது. பின்னர் வாடியா முதலிய தலைவர்கள்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர் நிருவாகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறுமாறு அத்தலைவர்கள் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. முடிவில், வாடியா சங்கத்திலிருந்து விலகினால் வழக்கைக் கைவிடுவதாக உடன்பாடு ஏற்பட்டது. வாடியா விலகினார்.

இவ்வழக்கு நாடெங்கும் ஓர் உண்மையை உணர்த்தியது. தொழிலாளர் ஒன்றுகூடுவதற்குச் சட்டத்தின் காப்பு இல்லையெனில், எந்தச் சங்கத்தையும் ஒரு வழக்கினால் முடக்கிவிடலாம். 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பம்பாயில் அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசு தோன்றியது. லாலா லஜபதி ராய் அதன் முதல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். மறு ஆண்டில், மத்தியச் சட்டமன்றத்தில் தொழிலாளர் சார்பில் நியமிக்கப்பட்டிருந்த என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களுக்குச் சட்டக் காப்பு வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அம்முயற்சி கனிந்து, 1926-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அச்சட்டம். பதிவு பெற்ற சங்கத்தினர் தொழிற்பூசலின்போது ஒப்பந்த மீறலைத் தூண்டினர் என்பதற்காக மட்டும் அவர்கள்மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க இயலாது என்றும் அது விதித்தது. வாடியாவுக்கு நேர்ந்த நிலை இனி எவருக்கும் நேராதிருக்க இவ்விதி அரணாயிற்று. உரிமையுடன் கடமையும் வந்தது. சங்கத்திற்கு எழுதப்பட்ட விதிகள் வேண்டும். நிருவாகிகளை நியமிக்கவும் நீக்கவும் முறை வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட வேண்டும். உறுப்பினர் கணக்கேட்டைப் பார்வையிட இயல வேண்டும். நிருவாகிகளுள் பாதிப்பேரேனும் அத்தொழிலில் உழைப்பவராக இருக்க வேண்டும். அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, மக்களாட்சியின் நெறிமுறைகள் தொழிற்சங்கத்தின் விதிகளாயின.

பிளவு தந்த பாடம்

தொழிற்சங்க வரலாறு வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. 1921-ஆம் ஆண்டு சென்னை ஆலைகளில் பல திங்கள் நீடித்த வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். சேமிப்பு ஏதுமின்றிச் சேரிகளில் வாழ்ந்த அவர்களுக்குக் கூலியற்ற ஒவ்வொரு நாளும் பட்டினி நாளே. மேலும், சங்கத்தில் உடன் அமர்ந்தோர் ஊருக்குள் தீண்டாமையைக் கைவிடவில்லை. ஒற்றுமை குலைந்தது. புளியந்தோப்பில் பூசல் மூண்டு குடிசைகள் எரிந்தன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஆதிதிராவிட மக்களின் துயரை எம்.சி. ராஜா எடுத்துரைத்தார். வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

பம்பாயிலும் இதே நோய் இருந்தது. அங்குள்ள ஆலைகளில் தறியின் நாடாவில் நூலைக் கோக்க, அதனை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கம் இருந்தது. தீண்டாமையைக் காரணங்காட்டி ஒடுக்கப்பட்டோரைக் கூடுதல் கூலி தரும் நெசவுப் பிரிவில் சேர்க்க மறுத்தனர். இதனை எதிர்த்து அண்ணல் அம்பேத்கர் குரல் கொடுத்தார். சமத்துவம் இல்லாத சங்கம் தொழிலாளர் அனைவர்க்கும் உரியதாகாது என்பதை அவர் தெளிவுறுத்தினார். ஓர் அமைப்பில் வாக்குச் சமமாக இருந்தால் மட்டும் போதாது. வாழ்விலும் மனிதர் சமமாக மதிக்கப்பட வேண்டும். இப்படிப்பினை தொழிற்சங்கத்திற்கும் நாட்டிற்கும் பொதுவானது.

சங்கத்திலிருந்து அரசமைப்புக்கு

1923-ஆம் ஆண்டு மே முதல் நாள் சிந்தனைச்சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை நடத்தினார். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணச் சட்டமன்றங்களில் தொழிலாளர்க்கெனச் சில இடங்களை ஒதுக்கியது. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அம்பேத்கர், வேலை நேரத்தைக் குறைக்க முயன்றார். 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆலைகளின் வேலை நேரம் வாரத்திற்கு 48 மணியாகக் குறைந்தது.

1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில் தொழிலாளர் இயக்கத்தின் கனவுகள் பல இடம்பெற்றன. பேச்சுரிமையைக் கூறும் 19-ஆம் உறுப்பே, சங்கங்கள் அமைக்கும் உரிமையையும் கூறுகிறது. 23-ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 24-ஆம் உறுப்பு பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. உங்கள் வயதினர் ஆலையிலன்றி வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதை நாட்டின் உயரிய சட்டமே உறுதி செய்கிறது.

1951-52-ஆம் ஆண்டுகளில் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. பதினேழு கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளராயினர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறாதவர். இத்தகையோர் மக்களாட்சியை எவ்வாறு நடத்துவர் என்று ஐயுற்றோர் பலர். ஆனால் ஆலைகளிலும் இரயில்வேயிலும் துறைமுகங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த எத்தனையோ பேர் அதற்கு முன்னரே பேராளரைத் தேர்ந்தெடுத்துப் பழகியிருந்தனர். இரயில்வேத் தொழிலாளர் தலைவராகப் பொதுவாழ்வில் வளர்ந்த வி.வி. கிரி, 1969-ஆம் ஆண்டு நாட்டின் குடியரசுத் தலைவராகவே உயர்ந்தார்.

இன்றைய நிலை

இன்றும் நம் நாட்டில் உழைப்போருள் பெரும்பாலோர்க்குச் சங்கம் இல்லை. கட்டடம் கட்டுவோர், வீட்டு வேலை செய்வோர், வண்டியில் உணவு கொண்டுவந்து தருவோர் ஆகியோர் தனித்தனியே உழைக்கின்றனர். ஊர்விட்டு ஊர் சென்று உழைப்போரின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு அந்த ஊரின் மொழி தெரிவதில்லை. வாக்குச்சாவடியோ சொந்த ஊரில் இருக்கிறது. உங்கள் குடும்பங்களும் ஊர்விட்டு வந்தவையே ஆதலால், இந்நிலையை நீங்கள் நன்கு உணர்வீர்கள். பெரம்பூரில் ஒரு பார்சியின் சொல்லைத் தமிழில் எடுத்துரைக்க ஒருவர் தேவைப்பட்டார் அல்லவா? இரு மொழி அறிந்த உங்களைப் போன்றோர் அப்பணியை இன்றும் செய்ய இயலும்.

விடுமுறையில் சென்னைக்குச் சென்றால், பெரம்பூருக்கு அருகில் திரு.வி.க. நகர் என்னும் பகுதியைக் காணலாம். 1996-ஆம் ஆண்டு அந்த ஆலை மூடப்பட்டது. அதன் சங்கொலி இன்று கேட்பதில்லை. ஆனால் அங்கே தொழிலாளர் கற்ற வழக்கங்கள் மறையவில்லை. உங்கள் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதும், சுற்றுலாவிற்குத் திரட்டிய பணத்திற்குக் கணக்குக் கேட்கும்போதும் அவ்வழக்கங்களையே நீங்கள் பின்பற்றுகிறீர்கள். அடுத்த வகுப்புக் கூட்டத்தில், இதுவரை வாய்திறவாத நண்பர் ஒருவரைப் பேச அழையுங்கள். அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள்.

சொல்லும் பொருளும்

தண்டம் – குற்றத்திற்காகப் பிடிக்கும் தொகை
பேராளர் – பிறர் சார்பில் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்
கதவடைப்பு – தொழிலாளரை உள்ளே விடாது நிருவாகம் ஆலையை மூடுதல்
தடையாணை – ஒரு செயலைச் செய்யக்கூடாது என நீதிமன்றம் இடும் ஆணை
தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்
நாடா – தறியில் ஊடுநூலைக் கொண்டுசெல்லும் கருவி
அரண் – பாதுகாப்பு

பயிற்சி

1. சென்னைத் தொழிலாளர் சங்கம் எந்நாளில் தோன்றியது? அதன் தலைவர் யார்?
2. போராட்டம், சங்கம் ஆகிய இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஏரி உவமையைக் கொண்டு விளக்குக.
3. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்களுக்குத் தந்த உரிமை ஒன்றனையும் விதித்த கடமைகள் இரண்டனையும் எழுதுக.
4. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தோல்வியுற்றதற்கான காரணங்களை உம் சொற்களில் எழுதுக.
5. பிரித்து எழுதுக: வாக்குரிமை, சமத்துவமில்லாத, கணக்கேடு.
6. நீவிர் வாழும் ஊரில் உழைக்கும் ஒருவரைச் சந்தித்து, அவருடைய வேலை நேரம், விடுமுறை, சங்கம் ஆகியன பற்றிக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் தமிழில் எழுதுக.